உதவிக் கணக்கில் ஓட்டல் வாடகை

அன்புள்ள ஐயா,

ஐநாவின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 17ஆவதான உலகக் கூட்டாண்மை பற்றி வகுப்பெடுக்கிறேன். பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வளர்ச்சி உதவியாகத் தரவேண்டும் என்பது அதில் ஓர் அளவுகோல். இந்தச் சதவீதம் ஏறினால் கூட்டாண்மை முன்னேறுகிறது என்று மாணவர்களிடம் சொல்லலாமா?

ஓர் ஆசிரியை, திருச்சி

அன்புள்ள டீச்சர்,

சொல்லலாம்தான். கூடவே பிரிட்டனின் கணக்கையும் கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.

0.7 என்பது 1970இல் ஐநா பொதுச்சபை வைத்த இலக்கு. 1974இல் சுவீடன் எட்டியது. அமெரிக்கா இன்றுவரை பக்கத்தில்கூட வரவில்லை. பிரிட்டன் 2013இல் எட்டி, 2015இல் சட்டமாகவே ஆக்கி, 2021இல் 0.5க்கு இறங்கியது. 2023இல் அது 0.58. ஏறியிருக்கிறது, இல்லையா?

அந்த ஆண்டு உதவி என்று கணக்கு காட்டியது சுமார் 1,530 கோடி பவுண்டு. அதில் 430 கோடி அளவுக்குப் பிரிட்டனைவிட்டு வெளியே போகவே இல்லை. அடைக்கலம் தேடி வந்தவர்களைத் தங்கவைத்த செலவு அது, ஓட்டல் வாடகை உட்பட. 2021இல் இதே செலவு 100 கோடி சொச்சம்தான். ஆக, ஏற்றத்தின் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்பதை மாணவர்களே கழித்துப் பார்க்கட்டும். இதில் விதிமீறல் எதுவும் கிடையாது. அகதிகளின் முதல் 12 மாதச் செலவை உதவியில் சேர்க்கலாம் என்பது பணக்கார நாடுகள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட விதி. வந்தவர்களுக்குக் கூரை தரவேண்டியதுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ஏதோ ஓர் ஆப்பிரிக்க நாட்டின் மருத்துவமனைக்குப் போகவேண்டிய பணத்தின் கணக்கிலா அதை எழுதுவது?

பணத்தை விட்டுவிட்டு உறவை அளக்க முடியாதா என்றால், முயன்று பார்த்திருக்கிறார்கள். 2005இல் பாரிஸில் ஒரு பிரகடனம் வந்தது. சொன்ன ஆண்டில் பணம் வந்ததா, பெறும் நாட்டின் சொந்தக் கருவூலம் வழியாகப் போனதா, கொடுத்தவர் நாட்டிலேயே சாமான் வாங்கு என்று நிபந்தனை போட்டார்களா என்றெல்லாம் கேட்ட அளவுகோல்கள். என்னைக் கேட்டால் இவைதான் சரியான கேள்விகள். 2010ஐக் கெடுவாக வைத்த 13 இலக்குகளில் உலக அளவில் நிறைவேறியது ஒன்றே ஒன்று.

இப்போது 17ஆவது இலக்கின் கீழ் உள்ள ஒரு குறியீடு, இத்தகைய கண்காணிப்பில் முன்னேற்றம் இருப்பதாகத் தெரிவிக்கும் நாடுகள் எத்தனை என்று எண்ணுகிறது. பாரிஸ் கேள்விகள் அடியில் இன்னும் இருக்கின்றன. ஆனால் மேலே தலைப்பாக வருவது நாடுகளின் எண்ணிக்கைதான். கொடுப்பவர்களுக்கு இதில் ரொம்ப சௌகரியம்.

உங்கள் வகுப்புக்கு ஒரு யோசனை. 2027க்குள் 0.3 சதவீதமாகக் குறைக்கப்போவதாக பிரிட்டன் 2025இல் அறிவித்திருக்கிறது. அந்த 0.3இலிருந்து ஓட்டல் வாடகையையும் கழித்தால் என்ன மிஞ்சும் என்று மாணவர்களைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். வந்த விடையை எனக்கும் எழுதுங்கள்.