பால்பற்கள் சரியாகச் சேரவில்லை. எப்படியும் விழப்போகிறவைதானே, விட்டுவிடலாமா?

நான்கு வயது மகளுக்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகச் சேரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விடலாமா கூடாதா என்பது அவை எப்படிச் சேரவில்லை என்பதைப் பொறுத்தது. சுங்கை சிப்புட்டில் வசிக்கும் எங்களுக்கும், மகனுக்கு அதே வயதிருக்கும்போது இந்தக் கேள்வி வந்தது.

முன்பற்களுக்கிடையே சந்து இருந்தால் கவலை வேண்டாம். பின்னால் முளைக்கும் நிலைப்பற்கள் அகலமானவை என்பதால் அந்த இடம் தேவைப்படும். விரல் சூப்பும் பிள்ளைக்கு முன்பற்கள் மட்டும் ஒன்றையொன்று தொடாமல் நின்றால், பழக்கம் நான்கு வயதுக்குள் நின்றுவிட்டால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும்.

குறுக்குக் கடி, அதாவது பக்கவாட்டில் மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாக அமர்ந்து கடிப்பது, அப்படியல்ல. விரல் வாயில் இருக்கும்போது நாக்கு கீழே தாழ்ந்துவிடுகிறது, கன்னங்கள் இருபுறமும் அழுத்துகின்றன. உள்ளிருந்து தாங்க நாக்கு இல்லாததால் மேல்வரிசை குறுகிப்போகிறது. பிறகு நேராகக் கடித்தால் கோரைப்பற்கள் முனையோடு முனை இடிப்பதால், பிள்ளை தாடையை ஒரு பக்கம் ஒதுக்கிக் கடிக்கப் பழகிக்கொள்கிறது.

நாங்கள் முதலில் பார்த்த ஒரு கிளினிக்கில், விழும் பல்லுக்கு வைத்தியம் எதற்கு என்று அனுப்பிவிட்டார்கள். ஈப்போவில் பார்த்த சிறார் பல் நிபுணர், மகனை நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்தபடி மெதுவாக வாயை மூடச் சொன்னார். பற்கள் முதலில் தொட்ட கணத்தில் மேல், கீழ் நடுக்கோடுகள் நேராக இருந்தன; முழுவதும் மூடியபோது மோவாய் இடப்பக்கம் வழுக்கிச் சென்றதை நானே கண்டேன். பல் விழுந்துவிடும், தாடை விழாது. வளரும் தாடை கோணலாகவே வளர்ந்தால் நிலைப்பற்களும் அந்தக் கோணலில்தான் அமரும் என்றார்.

பற்கள் இடிக்கும் இடத்தில் சாயம் பதிக்கும் நீலத்தாளைக் கடிக்கச் செய்து, சாயம் பதிந்த கோரைப்பல் முனைகளைச் சிறிதளவு தேய்த்துக் குறைத்துவிட்டார். ஊசியில்லை, வலியில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது போதாது. சிலருக்கு மேல்வரிசையை விரிக்கும் கருவி வேண்டியிருக்கும். விரல் சூப்புவதை நிறுத்தாவிட்டால் எந்தத் திருத்தமும் நிலைக்காது என்றும் சொன்னார். என் அம்மா தடவிவிட்ட வேப்பெண்ணெயை மகன் சேர்த்தே சூப்பினான். இரவில் கையில் மாட்டிய காலுறைதான் பலித்தது. ஆறு வயதில் முளைத்த கடைவாய்ப்பற்கள் இருபுறமும் நேராக அமர்ந்தன.

கீழ் முன்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் வந்து கடித்தாலும் காத்திருக்காதீர்கள். குடும்பத்தில் யாருக்காவது தாடை அப்படி முன்தள்ளி இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். போவதற்கு முன், மகள் வாயை மெதுவாக மூடுவதை நேர்முன்னிருந்து கைப்பேசியில் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் அழத் தொடங்கினால் கடித்துக் காட்ட மாட்டாள்.