கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கியில் ஒரே சீசனில் இரண்டு கோல்கீப்பர்களை ஏன் மாற்றி மாற்றி இறக்குகிறார்கள்?

நல்ல விக்கெட் கீப்பர் கிடைத்துவிட்டால் கிரிக்கெட்டில் அவரை ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கார வைப்பதில்லையே, இங்கே மட்டும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் வசித்த காலத்தில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கியபோது எனக்கும் இதே சந்தேகம்தான் வந்தது.

விடையில் பாதி அட்டவணையிலேயே இருக்கிறது. 2023-24 சீசனில் அந்த அணி ஆடிய டபிள்யூ.சி.எச்.ஏ. என்ற கல்லூரி ஹாக்கி லீக்கில் எட்டு அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியும் மற்ற ஏழுடனும் தலா நான்கு முறை, ஆக 28 ஆட்டங்கள் ஆட வேண்டும். இவை பெரும்பாலும் வார இறுதியில், அடுத்தடுத்த இரண்டு நாள்களில், ஒரே எதிரணியுடன் நடக்கும். மற்ற வீராங்கனைகள் ஒரு நிமிடம்கூட ஆகாமல் மாறி மாறி வெளியே வந்து மூச்சு வாங்குவார்கள். கனத்த கால்காப்புகளோடு முழங்காலில் விழுந்து எழும் கோல்கீப்பர் மட்டும் 60 நிமிடமும் அங்கேயே நிற்க வேண்டும். மறுநாளும் அவரையே நிறுத்தினால், அவர் எந்தப் பக்கம் தாமதமாக நகர்கிறார் என்பதை முதல் நாளே பார்த்துவிட்ட எதிரணிக்கு அது வசதியாகிவிடும் என்பது என் கணிப்பு.

அந்த சீசனில் ஒஹாயோ ஸ்டேட்டில் இந்தப் பொறுப்பை ரேகன் கிர்க், அமாண்டா தீல் ஆகிய இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். ஆட்டம் தொடங்குமுன் கோல் முன்பாக உள்ள வழவழப்பான பனியைக் கோல்கீப்பர் பக்கவாட்டில் சறுக்கிச் சறுக்கிச் சொரசொரப்பாக்குவதையும், இன்னொருவர் தலையில் தொப்பியோடு பெஞ்சின் ஓரத்தில் நின்று சக வீராங்கனைகளுக்குக் கதவு திறந்துவிடுவதையும் பார்ப்பேன். (உண்மையில் என் கண் பந்தயத்தைவிட அந்தக் கதவடியில்தான் அதிகம் இருந்தது.)

சிக்கல் மார்ச் மாதத்தில் வரும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்தும் தேசியப் போட்டியில் ஒரே தோல்வியில் சீசன் முடிந்துவிடும் என்பதால், முறை வைத்து ஆடவிட அங்கே இடமில்லை. பயிற்சியாளர் ஒருவரைத் தேர்ந்தாக வேண்டும். 2024 இறுதி ஆட்டத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழக அணிக்கு எதிராக ஒஹாயோ ஸ்டேட் பயிற்சியாளர் நடீன் முசரால் தேர்ந்தது கிர்க்கை. அவர் ஒரு கோலும் விடவில்லை. முதலாண்டு மாணவி ஜாய் டன் மூன்றாம், அதாவது கடைசிப் பகுதியில் அடித்த ஒரே கோலில் 1-0 என்று கோப்பை வந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு இதே இரு அணிகள் மோதிய இறுதி ஆட்டம் இதற்கு நேர்மாறாக, விஸ்கான்சினுக்குச் சாதகமாக 1-0 என்று முடிந்தது. அன்று 31 ஷாட்களைத் தடுத்த விஸ்கான்சின் கோல்கீப்பர் கேமி க்ரோனிஷ், அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பெரும்பாலும் மாற்று கோல்கீப்பராகவே கழித்தவர். அந்த சீசனில் இன்னொருவருடன் பங்கு போட்டு ஆடக் கிடைத்த வாய்ப்புகள் இல்லாதிருந்தால், அப்படியோர் இரவில் அவரை நம்பி இறக்க யாருக்குத் துணிவு வந்திருக்கும்?

ஒருவரையே நம்புவது தவறு என்றும் சொல்ல முடியாது. அதே விஸ்கான்சினில் ஆன்-ரெனே தேபியன் 2016-17 சீசனில் மட்டும் 17 ஆட்டங்களில் எதிரணியை ஒரு கோல்கூட அடிக்க விடவில்லை. அப்படிப்பட்டவரை உட்கார வைக்க எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது. ஆனாலும் அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் கிளார்க்சன் அணி 3-0 என்று வென்றது. இருவரும் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருக்கும்போதுதான் முறை வைப்பது பலன் தரும். தரத்தில் இடைவெளி பெரிதாக இருந்தும் நியாயத்துக்காக முறை வைத்தால், இரண்டாவது நாள் ஆட்டங்களில் அதன் விலை தெரிந்துவிடும்.