சீனாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகலாமா?

அன்புள்ள சார்,

சீனாவில் ஆங்கில ஆசிரியராக இருந்ததைப் பற்றி ஒரு கட்டுரையில் ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? நான் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவன். திருச்சி பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வேலை. சம்பளம் பதினெட்டாயிரம், அதுவும் மூன்று மாதமாக வரவில்லை. ஒரு ஏஜென்ட் மூலம் செங்டு நகரத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் மாதம் 12,000 யுவானுக்கு வேலை வந்திருக்கிறது. வீடியோ காலில் பத்து நிமிடம் பேசிவிட்டு எடுத்துக்கொண்டோம் என்றார்கள். இப்போதைக்கு பிசினஸ் விசாவில் வாருங்கள், வந்தபின் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். ஏஜென்டுக்கு ஒன்றரை லட்சம் தர வேண்டும். அம்மா நகையை அடகு வைக்கிறேன் என்கிறார். இணையத்தில் தேடினால் ஏமாந்தவர்களின் புலம்பலாகவே இருக்கிறது, ஆனால் எல்லாம் வெள்ளைக்காரர்கள் எழுதியவை. நமக்கும் அப்படித்தானா?

க., திருச்சி

அன்புள்ள க.,

நகையை அடகு வைக்க வேண்டாம். மற்றதை அப்புறம் பேசலாம்.

பிசினஸ் விசாவில் போய் வகுப்பெடுப்பது சீனாவில் சட்டவிரோத வேலை. 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டத்தின் 80ஆம் பிரிவு இதற்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம் விதிக்கிறது. விஷயம் பெரிது என்று நினைத்தால் 5 முதல் 15 நாள் வரை உள்ளே வைக்கலாம். அப்புறம் ஊருக்கு அனுப்பிவிடலாம். வேலைக்கு வைத்த பள்ளிக்கும் தண்டனை உண்டு: ஆளுக்கு 10,000 யுவான், மொத்தம் 1 லட்சத்துக்கு மேல் போகாது, அந்த வழியில் சம்பாதித்ததையும் பறிமுதல் செய்யலாம். பெரிய நகரங்களில் ஒரு குழந்தைக்கு வாங்கும் ஓராண்டுக் கட்டணமே அந்தப் பத்தாயிரத்தைத் தாண்டும். பள்ளிக்கு அது தொழில் செலவு. உங்களுக்கு லாக்கப்.

'வந்தபின் மாற்றிக்கொள்ளலாம்' என்பதும் தலைகீழ். முறையாக நடந்தால், முதலில் பள்ளி உங்கள் பெயரில் வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் வாங்கும். அதைக் காட்டி நீங்கள் இங்கிருந்தே இசட் விசா, அதாவது வேலை விசா, எடுப்பீர்கள். போய் இறங்கி 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிப்பீர்கள். உங்களுக்கு அந்தக் கடிதத்தை ஏன் அனுப்பவில்லை? கிடைக்காது என்பதால். 2017இல் நாடு முழுக்க ஒரே வேலை அனுமதி முறை வந்தது. மொழி ஆசிரியர் கொள்கையளவில் தன் நாட்டின் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும் என்கிறது அதன் விதி. ஆங்கிலத்துக்கு நடைமுறையில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா பாஸ்போர்ட்தான் செல்லும். உங்கள் எம்.ஏ.வில் ஒரு குறையும் இல்லை, பாஸ்போர்ட்டின் அட்டைதான் பிரச்சினை. ஏஜென்டுக்கு இது தெரியும். பள்ளிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். விசா சரியில்லாத ஆள்தான் அவர்களுக்குத் தோது. சம்பளம் தராவிட்டால் எந்த அலுவலகத்தில் போய் நிற்பீர்கள்? நின்றால் முதலில் உங்கள் விசாவைத்தான் கேட்பார்கள்.

நான் செங்டுவில் இருந்தது 2018-19. பிறந்தது கும்பகோணம் என்றாலும் கையில் கனடா பாஸ்போர்ட். அதனால் எனக்கு எல்லாம் முறைப்படியே நடந்தது. பள்ளி ஒரு ஷாப்பிங் மாலின் நாலாவது மாடியில், ஹாட்பாட் கடைக்குப் பக்கத்தில். வகுப்பறைக்குள் எப்போதும் மிளகாய் எண்ணெய் வாசனை. சனிக்கிழமை காலை இலவச மாதிரி வகுப்பு. உள்ளே நாலு வயதுக் குழந்தைகள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே அப்பா, அம்மா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகள், எல்லார் கையிலும் போன். ஆசிரியர் குதிக்க வேண்டும், குரங்கு மாதிரி சத்தம் போட வேண்டும், ஆப்பிள் அட்டையைப் பிளாஸ்டிக் சுத்தியலால் அடிக்க வேண்டும். முடிந்ததும் விற்பனைப் பெண்கள் பெற்றோரைத் தனித்தனி அறைக்குள் அழைத்துப் போவார்கள். வெளியே வரும்போது வீசாட்டில் (செய்தி அனுப்பவும் பணம் கட்டவும் சீனர்கள் பயன்படுத்தும் செயலி) ஓராண்டுக் கட்டணம் போயிருக்கும்.

அந்த வகுப்பை எனக்குத் தர மாட்டார்கள். உக்ரைன் பையன் ஒருவன் இருந்தான், மாணவர் விசாவில் வந்து வேலை பார்த்தவன். நல்ல பையன், ஆனால் ஒரு முழு வாக்கியம் சொல்வதற்குள் அவனுக்கு வியர்த்துவிடும். வெள்ளைத் தோல், பொன்னிற முடி. அவனைத்தான் 'கனடா ஆசிரியர்' என்று பெற்றோரிடம் அறிமுகப்படுத்தினார்கள். நிஜக் கனடாக்காரன் பின்னறையில் அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். யாராவது கேட்டால் சொல்வதற்கு டொராண்டோவின் ஹாக்கி அணி எது என்று அவன் என்னிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டான்.

சோதனை வரப்போகிறது என்றால் வீசாட் குழுவில் 'எல்லோரும் காபி குடித்துவிட்டு வாருங்கள்' என்று ஒரு செய்தி வரும். விசா சரியில்லாதவர்கள் சரக்கு லிஃப்டில் இறங்கிப் பார்க்கிங்கில் நிற்பார்கள். ஒருநாள் அவன் பாதி வகுப்பில் இருந்தபோதே செய்தி வந்தது. சுத்தியலை உதவி ஆசிரியையின் கையில் கொடுத்துவிட்டு ஓடினான். அவள் பாட்டைப் போட்டுக் குழந்தைகளை ஆடவிட்டாள். (இந்தச் சீன உதவி ஆசிரியைகளைப் பற்றி அந்தப் புலம்பல்களில் ஒருவரும் எழுதுவதில்லை. எங்களைவிட மிகக் குறைந்த சம்பளம். இரவு பத்து மணிக்கும் பெற்றோருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தாமதமாக வந்தால் எங்களைப் போலவே அவர்களுக்கும் அபராதம் உண்டு.)

சம்பளம் முதலில் ஐந்து நாள் தள்ளிப்போனது. அப்புறம் இரண்டு தவணையாக வந்தது. காரணம் முதலாளியின் கெட்ட புத்தி மட்டுமல்ல, அந்தத் தொழிலின் கணக்கே அப்படி. ஓராண்டு, இரண்டாண்டுக் கட்டணத்தை முன்னாலேயே வாங்கிவிடுகிறார்கள். நடக்காத வகுப்புக்கு வாங்கிய பணம், அதாவது கடன். அதை எடுத்து அடுத்த கிளை, விளம்பரம், விற்பனைக் கமிஷன். புதிதாகச் சேர்பவர்கள் குறைந்தால் பழைய குழந்தைகளுக்கு வகுப்பெடுக்கும் ஆசிரியருக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இருக்காது. ஒரே நேரத்தில் மூன்று மாதத்துக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2018இல் சீன அரசே உத்தரவு போட்டது. எங்கள் மாலில் யாரும் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. பெரியவர்களுக்கான ஆங்கிலப் பள்ளிகளில் பேர்போன வெப் இன்டர்நேஷனல் 2019 அக்டோபரில் கதவை மூடியது. வகுப்பு நின்ற பிறகும் மாணவர்கள் அதற்காக வாங்கிய கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள். 2021 ஆகஸ்டில் வால் ஸ்ட்ரீட் இங்கிலிஷ் என்ற இன்னொரு பெரிய பள்ளியின் சீனக் கிளைகளுக்கும் அதே கதி. பெரிய கப்பல்களே இப்படி என்றால் நாலாவது மாடிப் பள்ளியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் விலகுகிறேன் என்றதும் இரண்டு மாதச் சம்பளத்தை அபராதமாகக் கேட்டார்கள். கட்டாவிட்டால் விடுவிப்புக் கடிதம் கிடையாது என்றார்கள். அந்தக் கடிதம் இல்லாமல் இன்னொரு பள்ளி உங்கள் வேலை அனுமதியைத் தன் பெயருக்கு மாற்ற முடியாது. பிடியே அங்கேதான். சீனத் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டப்படி 30 நாள் முன்னால் எழுதிக்கொடுத்துவிட்டு விலகலாம்; வேலை முடிந்ததற்கான சான்றைத் தருவது முதலாளியின் கடமை. விலகுவதற்காக அப்படி அபராதம் கேட்கவும் அதில் இடமில்லை. வெளிநாட்டுக்காரர் விஷயத்தில் இந்தச் சட்டத்தை ஊருக்கு ஒரு மாதிரி பார்ப்பார்கள், அது வேறு தலைவலி. தொழிலாளர் நடுவர் குழுவுக்குப் போகிறேன், அங்கே கட்டணம்கூடக் கிடையாது என்று எழுதிக் கொடுத்தேன். கடிதம் வந்தது, கடைசி மாதச் சம்பளம் முழுதாக வரவில்லை. அந்த உக்ரைன் பையனுக்கு இரண்டு மாதப் பாக்கி. மாணவர் விசாவில் இருந்தவன் எந்தக் குழுவுக்குப் போவான்? பேசாமல் ஊருக்கு டிக்கெட் எடுத்தான்.

எங்கள் பள்ளியில் நடந்ததெல்லாம் 2021க்கு முந்தைய கதை. 2021 ஜூலையில் வந்த 'இரட்டைக் குறைப்பு' உத்தரவு, பள்ளிப் பாடங்களுக்கு டியூஷன் எடுத்து லாபம் பார்க்கும் தொழிலையே முடக்கியது. வார இறுதி, விடுமுறை வகுப்புகளுக்குத் தடை. வெளிநாட்டில் உட்கார்ந்து இணையத்தில் பாடம் எடுப்பவர்களை வைக்கவும் தடை. இந்தத் துறையின் ஜாம்பவானான நியூ ஓரியன்டல் நேரலையில் அரிசியும் பழமும் விற்கும் கடையைத் திறந்தது. மிச்சமிருந்த சிறு பள்ளிகள் பல நாடகப் பயிற்சி, கலை என்று பலகையை மாற்றிக்கொண்டு உள்ளே ஆங்கிலமே நடத்தின. பலகையே பொய்யான இடத்துக்கு விசாவும் பொய்யான ஆளாகப் போய் நின்றால் என்ன ஆகும்?

நமக்கும் அப்படித்தானா என்று கேட்டீர்கள். நமக்கு இன்னும் மோசம். புலம்பி எழுதிய அந்த வெள்ளைக்காரர்களில் பலர் கையில் ஒழுங்கான வேலை அனுமதி இருந்தது, அப்படியும் ஏமாந்தார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: ஏஜென்டிடம் வேலை அனுமதி அறிவிப்புக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். அது வந்தபின்தான் பணம் என்று சொல்லுங்கள். வந்தாலும் அதில் இருப்பது நீங்கள் வேலை செய்யப்போகும் பள்ளியின் பெயர்தானா என்று பாருங்கள். ஏதோ ஆலோசனைக் கம்பெனியின் பெயர் இருந்தால் அதுவும் ஆகாது, அனுமதி வாங்கிய இடத்தில் மட்டுமே வேலை செய்யலாம். அந்த ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் தேடினால் தெரிந்துவிடும். பாஸ்போர்ட்டை அவரிடம் கொடுத்து வைத்திருந்தால் நாளைக்கே போய் வாங்கிவிடுங்கள்.