விடலாமா, கேட்கலாமா?

கூட வேலை செய்பவர் உங்கள் யோசனையைக் கூட்டத்தில் தன்னுடையதுபோலச் சொல்கிறார், மூன்று முறை ஆகிவிட்டது, கேட்டால் சண்டையாகுமோ என்று தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள்.

ஒருமுறை என்றால் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். மூன்று முறை என்பது பழக்கம். அதுவும் அடுத்த மாதம் பணி மதிப்பீடு என்கிறீர்கள்; போவது வெறும் பாராட்டு மட்டும் அல்ல.

நான் பார்ப்பது இதைத்தான்: பேசியபிறகு என்ன மாற வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா? ‘அவர் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும்’ என்றால் அது உங்கள் கையில் இல்லை. ‘அடுத்த கூட்டத்தில் அந்தப் பகுதியை நான் விளக்குகிறேன்’ என்பது நடக்கக்கூடியது. மனதில் முதல் பதில்தான் வருகிறதென்றால் இரண்டு நாள் ஆறப்போடுங்கள்.

1974-ல் கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மன் என்ற இரண்டு மேலாண்மை ஆய்வாளர்கள் மோதலைக் கையாளும் ஐந்து வழிகளை வகுத்தபோது, ஒதுங்கிப்போவதையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்தார்கள். எனவே விலகுவது கோழைத்தனம் இல்லை. ஆனால் விலகிவிட்டு ராத்திரியெல்லாம் மனதுக்குள் வாதாடினால் அது விலகலே இல்லை. (நான் ஒரு வருஷம் அப்படி வாதாடினேன். எதிராளிக்குத் தெரியவே தெரியாது!)

உங்கள் விஷயத்தில் பேசிவிடுங்கள். தனியாக, அடுத்த கூட்டத்துக்கு முன்பே. ‘திருடினீர்கள்’ என்ற தொனி வேண்டாம், எந்த நாள் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம், இனி யோசனைகளை முதலில் குழுவுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். அதற்கும் மசியவில்லையா, சரி, மேலாளரிடம் போகலாம். அப்போது காட்டுவதற்கு அந்த மின்னஞ்சல்கள் இருக்கும்.