புளியும் பையும்

கேள்வி: வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். வயிற்றில் புளியைக் கரைக்கும் அந்த ரோலர் கோஸ்டரில் அப்படி என்ன சுகம்? நான் வழக்கம்போல் பையைப் பார்த்துக்கொண்டு கீழேயே இருந்துவிடுவேன்.
– அல்சூர் வாசகி, பெங்களூரு

பதில்: புளியைக் கரைக்கும் என்றீர்களே, சுகம் அதுதான். எந்நேரமும் தன் பாரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் குடலும் இரைப்பையும், நாம் விழும் அந்த ஓரிரு நொடி பாரம் இழந்து மேலெழும்புகின்றன. புளி கரைவது அங்கேதான். தலைகீழாகச் சுற்றுவதெல்லாம் எனக்கு அதற்கு அப்புறம்தான்.

1884-ல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஓடிய ரோலர் கோஸ்டர் வண்டியின் வேகம் மணிக்குச் சுமார் 6 மைல். வேகம் கூட்டினால் மேட்டின் உச்சியில் வண்டியே தண்டவாளத்தை விட்டு எழும்பிவிடுமே! தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் வைத்து, 1919-ல் காப்புரிமை வாங்கினார் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர். அதன் பிறகு நாம் எழும்பலாம், வண்டி எழும்பாது. இது மூளைக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரிவதில்லை. அலறிக்கொண்டே சிரிக்கிறோமே, அதனால்தான்.

முன் இருக்கையா, கடைசி இருக்கையா என்று இந்தப் பக்கத்தில் பழைய சண்டை ஒன்று உண்டு. நான் கடைசி இருக்கைக் கட்சி, இன்றும் மாறவில்லை. முதல் பெட்டி உச்சியைத் தாண்டும்போது மற்ற பெட்டிகள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், வண்டி தயங்கும். கடைசிப் பெட்டி உச்சிக்கு வருவதற்குள் முன்னால் இறங்கியவை எல்லாம் சேர்ந்து இழுக்கும். சுண்டிவிட்டாற்போல் இருக்கும். வொண்டர்லாவின் ‘ரீகாயில்’ என்ற ரோலர் கோஸ்டர் மட்டும் போன பாதையிலேயே பின்னோக்கித் திரும்பி வருவது. வரும்போது கடைசி இருக்கைதான் முதலில் வரும் என்பதால், அங்கே சமாதானத்துக்குத் தயார்.

என்னைக் கோபப்படுத்துவது உங்கள் ‘வழக்கம்போல்’. பெங்களூரில் நான் பார்த்த பூங்காக்களில் எல்லாம் அம்மாக்கள் இப்படித்தான் நிற்கிறார்கள்: தோளில் இரண்டு பை, கையில் ஈரத் துண்டு, காலடியில் நாலு ஜோடி செருப்பு, நாலு பேருடைய போன். டிக்கெட் மட்டும் முழுசாக வாங்குகிறோம். யார் விதித்த வழக்கம் இது? பல வருடமாகக் கேட்கிறேன், ஒருவரும் பதில் எழுதவில்லை.

இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், முதுகுவலி, கர்ப்பம் என்றால் ஏற வேண்டாம். அதில் விளையாடக் கூடாது. அப்படி ஒன்றும் இல்லையென்றால் பையை லாக்கரில் வையுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். புடவை வேண்டாம், சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள். கூந்தலை இறுக்கி முடியுங்கள். தலையை இருக்கையில் சாய்த்துக்கொண்டு கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். பள்ளம் வருவது தெரிந்தால் கழுத்து தயாராகிவிடும். கடைசி இருக்கை கிடைக்கவில்லையா, அடுத்த வண்டிக்கு நில்லுங்கள்.