ஃபார்மட் செய்வதற்கு முன் அந்தச் சின்னக் கோப்பை எடுத்து வையுங்கள்

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் 68,000 ரூபாய்க்கு அசெம்பிள்டு கணினி வாங்கினேன். 16 ஜிபி ராம் இரண்டு போட்டிருக்கிறது. மூன்று மாதமாக வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை நீலத் திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. போட்டோஷாப் ஓடும்போதும் வருகிறது, சும்மா பாட்டுக் கேட்கும்போதும் வருகிறது. கடைக்காரர் இரண்டு முறை ஃபார்மட் செய்து, தடவைக்கு 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். "இது விண்டோஸ் பிரச்சனை, வாரண்டியில் வராது" என்கிறார். தெரிந்த பையன் ஒருவன் சொல்லி மினிடம்ப் ஃபோல்டரைப் பார்த்தேன். இரண்டாவது ஃபார்மட்டுக்குப் பிறகு ஏழு கோப்புகள் சேர்ந்திருக்கின்றன. ப்ளூஸ்கிரீன்வியூ மென்பொருளில் திறந்தால் மூன்றில் 1ஏ, இரண்டில் 50, ஒன்றில் 3பி, ஒன்றில் வெறும் ஏ என்று பிழை எண் வருகிறது. காரணம் என்ற இடத்தில் ஒன்றில் கிராஃபிக்ஸ் டிரைவர், ஒன்றில் வைஃபை டிரைவர், மற்றதில் எல்லாம் விண்டோஸின் கெர்னல் கோப்பு. நான் எதை மாற்ற வேண்டும்?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். முதல் வேலையாக அந்த ஏழு கோப்புகளையும் ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை ஃபார்மட் செய்ய யாரையும் விடாதீர்கள். சி டிரைவை ஃபார்மட் செய்தால் மினிடம்ப் ஃபோல்டரும் சேர்ந்து அழிந்துவிடும். முதல் இரண்டு மாதத்துத் தடயம் உங்கள் கையை விட்டுப் போனது அப்படித்தான். அதற்கு உங்களிடம் 1,200 ரூபாயும் வாங்கியிருக்கிறார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

மினிடம்ப் என்பது விண்டோஸ் விழுந்த அந்த நொடியில் எழுதி வைத்துவிட்டுப் போகும் சின்னக் குறிப்பு. எந்தப் பிழை எண், அப்போது எந்த டிரைவர்கள் (கணினியின் பாகங்களை இயக்கும் மென்பொருள்கள்) ஏற்றப்பட்டிருந்தன, எந்தக் கட்டளை ஓடிக்கொண்டிருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். கோப்பின் பெயரில் முதல் ஆறு எண்கள் மாதம், நாள், ஆண்டு. ஆகவே தேதி வாரியாகவே உங்களிடம் சாட்சி இருக்கிறது.

அதைப் படிப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 'காரணம்' என்று காட்டும் பெயரை அப்படியே நம்பக்கூடாது. விழுந்த நேரத்தில் யார் கையில் வேலை இருந்ததோ அவர் பெயர்தான் அங்கே வரும். கெர்னல் கோப்பு விண்டோஸின் அடித்தளம். எல்லா வேலையும் அதன் வழியாகப் போவதால் யார் தப்பு செய்தாலும் அதன் பெயர் அடிபடும். ஒரே ஒரு டம்ப்பை மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல், ஐந்தாறை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே எண், ஒரே டிரைவர் என்றால் அந்த டிரைவரைச் சந்தேகிக்கலாம். எண்ணும் மாறுகிறது, பெயரும் மாறுகிறது, செய்துகொண்டிருந்த வேலையும் மாறுகிறது என்றால் அத்தனைக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும். கிராஃபிக்ஸுக்கும் வைஃபைக்கும் போட்டோஷாப்புக்கும் பொதுவானது ராம்.

உங்கள் எண்களும் அதே பக்கம்தான் கை காட்டுகின்றன. 1ஏ என்பது 'மெமரி மேனேஜ்மென்ட்'. 50 என்பது இருக்கக்கூடாத இடத்தில் நினைவகத்தைத் தேடிப் போன பிழை. ஏ என்பதும் தவறான நினைவக முகவரியைத் தொட்டதால் வருவது. இவை டிரைவர் கோளாறிலும் வரும், மறுக்கவில்லை. ஆனால் ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் போட்ட பிறகும் இப்படிக் கலந்து வந்தால் நான் முதலில் ராமைத்தான் கழற்றிப் பார்ப்பேன்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் விண்டிபிஜி என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் டம்ப் கோப்பைத் திறந்து, இணையத் தொடர்போடு சற்றுப் பொறுத்திருங்கள்; தேவையான குறியீட்டுக் கோப்புகளை அதுவே இறக்கிக்கொள்ளும். அப்புறம் கீழே உள்ள கட்டத்தில் ஆச்சரியக்குறியை ஒட்டி 'அனலைஸ்', ஓர் இடைவெளி, ஒரு சின்னக் கோடு, அதை ஒட்டி 'வி' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். வரும் நீண்ட பட்டியலைப் பார்த்து மிரள வேண்டாம். கடைசிப் பகுதியில் 'மெமரி கரப்ஷன் ஒன் பிட்' என்று இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். ஒன்று என்று இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம், அல்லது பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று, அவ்வளவுதான் அதன் பொருள். ஒரே ஒரு பிட் புரண்டிருப்பது பெரும்பாலும் வன்பொருளின் கைவரிசை. மென்பொருள் தவறாக எழுதினால் பொதுவாக ஒரு பிட்டோடு நிற்காது.

சரி, சோதனைக்கு வருவோம். விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் எக்ஸ்எம்பி என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். ராமை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டும் ஏற்பாடு அது. அணைத்த பிறகு இரண்டு வாரம் ஒரு தடவையும் விழவில்லை என்றால் ராம் பழுது என்று உடனே சொல்லிவிட முடியாது. அந்த வேகத்தைத் தாங்காதது போர்டாகவும் இருக்கலாம், புராசஸராகவும் இருக்கலாம். அப்போதும் விழுந்தால் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் துவக்கி ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். நான்கு சுற்று முடியட்டும். இதில் 'பரவாயில்லை' என்ற மதிப்பெண் கிடையாது, ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். அந்தத் திரையை மொபைலில் படமெடுத்து வையுங்கள். பிறகு ஒரு ராமை மட்டும் போட்டு, அதே சோதனை. அடுத்ததை அதே ஸ்லாட்டில் போட்டு, மறுபடி. எந்த ராமைப் போட்டாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்தால் பழுது மதர்போர்டில் இருக்கலாம்.

என் வீட்டிலேயே இது நடந்தது. நான்கு மாதம் கிராஃபிக்ஸ் டிரைவரையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன், முதல் டம்ப்பில் அதன் பெயர் இருந்ததால். ஒருநாள் ஒன்பது கோப்புகளையும் ஒன்றாகப் பார்த்தபோதுதான் எட்டில் வேறு வேறு பெயர்கள் இருப்பது கண்ணில் பட்டது. மெம்டெஸ்ட் முதல் இருபது நிமிடத்திலேயே சிவப்பு வரிகளைக் காட்டிவிட்டது.

இப்போது வாரண்டி. அசெம்பிள்டு கணினியில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. ராமுக்குப் பல தயாரிப்பாளர்கள் பத்து ஆண்டும் அதற்கு மேலும் தருகிறார்கள். எட்டு மாதத்தில் வராது என்று சொல்வதை ஏற்காதீர்கள். பில்லில் ராமின் சீரியல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் ராமின் ஸ்டிக்கரைப் படமெடுத்து, பில்லோடும் மெம்டெஸ்ட் படத்தோடும் கடைக்கு எழுத்தில், மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்புங்கள். "கணினி சரியில்லை" என்று எழுதாமல், "இந்தத் தேதிகளில் ஏழு முறை விழுந்தது, இந்த எண் கொண்ட ராம் சோதனையில் தோற்றது, மாற்றித் தாருங்கள்" என்று எழுதுங்கள். ஜோடியாக ஒரே பெட்டியில் வந்த ராம் என்றால் இரண்டையும் சேர்த்தே கேட்கக்கூடும். ஆகவே மாற்று வரும்வரை வேலைக்கு என்ன வழி என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. பிரச்சனை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. "நீங்கள் தொழிலுக்கு வாங்கினீர்கள், நுகர்வோர் இல்லை" என்று மறுதரப்பு வாதாடக்கூடும். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்த வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. வீட்டிலிருந்து ஆல்பம் செய்யும் உங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கும் வரி அது.

கேள்வி: எனக்கு நீலத் திரையே வருவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கணினி பட்டென்று அணைந்து மறுபடி எழுகிறது. மினிடம்ப் ஃபோல்டர் காலி. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று மட்டும் இருக்கிறது. அப்படியானால் பவர் சப்ளை போய்விட்டதா?

பதில்: 41 என்பது "முறையாக மூடாமல் அணைந்துவிட்டேன்" என்று விண்டோஸ் மறுபடி எழும்போது எழுதிக்கொள்ளும் குறிப்பு. அது காரணம் சொல்லாது. அதே பதிவின் விவரப் பகுதியில் பக்செக் கோடு என்ற வரியைப் பாருங்கள். பூஜ்யம் என்று இருந்தால் பெரும்பாலும் விண்டோஸுக்கு எழுத நேரமே கிடைக்கவில்லை என்று பொருள். மின்சாரம், பவர் சப்ளை, யுபிஎஸ், சூடு என்று அந்த வழியில் போகலாம். யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு ஒருநாள் நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். பேட்டரி போன யுபிஎஸ் இப்படிக் கழுத்தறுப்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். கேபினெட்டோடு இலவசமாக வந்த பவர் சப்ளை என்றால், அதை மாற்றச் செய்யும் செலவு வீண் போகாது.

ஆனால் ஃபோல்டர் காலியாக இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. விண்டோஸ் விழும்போது டம்ப்பை முதலில் பேஜ் ஃபைலில் (ராமுக்குத் துணையாக டிரைவில் ஒதுக்கிய இடம்) எழுதி, அடுத்த முறை எழும்போதுதான் தனிக் கோப்பாக மாற்றும். யாராவது வேகம் கூடும் என்று சொல்லிப் பேஜ் ஃபைலை அணைத்திருந்தால் எழுத இடமில்லை. எஸ்எஸ்டியே நடுவில் காணாமல் போய்விட்டாலும் எழுத இடமில்லை. எஸ்எஸ்டிதான் காரணம் என்று சந்தேகம் வந்தால் உடனே முக்கியக் கோப்புகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். கணினியைச் சுத்தம் செய்யும் மென்பொருள்கள் டம்ப் கோப்புகளைக் குப்பை என்று அழிப்பதும் உண்டு. சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி பகுதிக்குப் போய், தானாக ரீஸ்டார்ட் ஆகும் தேர்வை எடுத்துவிடுங்கள். திரை ஏதாவது வந்தால் நின்று காட்டும். புதிய விண்டோஸ் 11-இல் அந்தத் திரை நீலமாக இல்லாமல் கறுப்பாக வரும்.

கேள்வி: 2023 ஆரம்பத்தில் இன்டெல் ஐ7-13700கே புராசஸரைப் பெட்டியோடு தனியாக வாங்கினேன். கேம் தொடங்கும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று சொல்லி மூடிக்கொள்கிறது. சில நாள் 124 என்ற பிழையோடு கணினியே விழுகிறது. கிராஃபிக்ஸ் கார்டு மாற்றச் சொல்கிறார்கள். மூன்று ஆண்டு வாரண்டியும் முடிந்துவிட்டது.

பதில்: கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். 124 என்பது வன்பொருளே தன் பிழையைப் புகார் செய்யும் எண். உங்கள் புராசஸர் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் வரிசையில் பரவலாகப் பேசப்பட்ட கோளாறின் பட்டியலில் இருக்கிறது. தேவைக்கு அதிகமாக மின்னழுத்தம் கேட்டதால் புராசஸரின் உள்ளே தேய்மானம் ஏற்பட்டது என்று இன்டெல்லே 2024-இல் ஒப்புக்கொண்டது. வீடியோ மெமரி போதவில்லை என்ற அந்தப் பொய்யான செய்தி இந்தக் கோளாறில் பலருக்கும் வந்தது.

இன்டெல் பெட்டியில் விற்ற இந்த வகைப் புராசஸர்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டு கூட்டி, மொத்தம் ஐந்து ஆண்டு ஆக்கியிருக்கிறது. ஆகவே உங்களுடையது முடியவில்லை. வாங்கிய பில், பெட்டியில் உள்ள எண், டம்ப் கோப்புகளின் எண்கள் ஆகியவற்றோடு இன்டெல்லிடமே நேரடியாகக் கேளுங்கள். பயாஸைப் புதுப்பித்தால் புராசஸரின் உள் கட்டளைத் தொகுப்பான மைக்ரோகோடும் புதிதாகும். 2024 செப்டம்பரில் வந்த 12பி, அதற்குப் பின் 2025-இல் வந்த 12எஃப் என்ற மைக்ரோகோடு பதிப்புகள் முக்கியமானவை. அவை மேற்கொண்டு கெடாமல் காக்கும். ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. "பயாஸ் போட்டாச்சு, பாருங்க" என்று யாராவது அனுப்பிவைத்தாலும் விழுவது தொடர்ந்தால் மாற்றுப் புராசஸர் கேட்பதே சரி. மாற்று வந்ததும் அதைப் பொருத்துவதற்கு முன் பயாஸ் புதியதாக இருக்கட்டும். தனியாக வாங்காமல் கணினியோடு வந்த புராசஸர் என்றால் அந்தக் கணினியை விற்றவரிடம்தான் போக வேண்டும்.

கேள்வி: டம்ப் கோப்பைத் தெரியாத ஒருவருக்கு அனுப்பினால் என் பாஸ்வேர்டு போய்விடுமா?

பதில்: மினிடம்ப் ஃபோல்டரில் உள்ள சின்னக் கோப்புகளில் நினைவகத்தின் மிகச் சிறிய துண்டுதான் இருக்கும், பொதுவாக அனுப்பலாம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் மெமரி என்ற பெயரில் நூற்றுக்கணக்கான எம்பியிலோ, அதைவிடப் பெரிதாகவோ ஒரு கோப்பு இருக்கும். அதை அனுப்பாதீர்கள். அந்த நேரத்தில் நினைவகத்தில் இருந்தவை, நீங்கள் திறந்து வைத்திருந்தவையும் சேர்த்து, அதில் இருக்கக்கூடும். கடையில் கேட்டாலும் சின்னதை மட்டும் பென்டிரைவில் கொடுங்கள்.