குட்டிக் கைக்கு ஒரு காய்கறி மஃபின்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் கேரட் கேக் பற்றி எழுதியிருந்தேன். "சர்க்கரை இல்லாமல், காரம் இல்லாமல், கைக்குழந்தை தானே பிடித்துச் சாப்பிடுகிற மாதிரி காய்கறி மஃபின் சொல்லுங்களேன்" என்று கேட்டு அதற்குப் பிறகு நிறையக் கடிதங்கள். மந்தைவெளியில் என் வீட்டு மாடியில் 18 வருடமாக பேக்கிங் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் குழந்தைக்கு பேக் செய்வது வேறு கணக்கு என்பது, என் பேரனுக்குச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. அவனுக்கு இப்போது 14 மாதம். இந்த மாதம் முழுக்க அந்தக் கேள்விகள்தான்.

பெரம்பூர் வாசகி: என் பெண்ணுக்கு 9 மாதம். வீடியோ பார்த்து, கேரட்டும் பீன்ஸும் துருவிப் போட்டு கோதுமை மாவில் மஃபின் செய்தேன். பார்க்க அழகாக வந்தது, ஆனால் ரப்பர் மாதிரி இருந்தது. ஒரு வாய் வைத்ததும் ஓங்கரித்துவிட்டாள். பயந்துபோய் நிறுத்திவிட்டேன். எங்கே தப்பு?

இரண்டு இடத்தில். ஒன்று காய், இன்னொன்று கரண்டி.

முதலில் காய். ஓவனில் 180 டிகிரி வைக்கிறோம், அதனால் உள்ளே இருக்கிற கேரட் நன்றாக வெந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். மஃபினின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தொடுவதே இல்லை. ஈரம் இருக்கும்வரை அதற்கு மேல் சூடு ஏறாது. அந்தச் சூடும் கடைசிச் சில நிமிடங்களுக்குத்தான். அதற்குள் பச்சைக் கேரட் துருவல் முக்கால்வாசிதான் வேகும். நமக்கு அது மொறுமொறுப்பு. பல் முளைக்காத வாய்க்கு நார். என் பேரனுக்கு முதல் தடவை நானும் பச்சையாகத்தான் துருவிப் போட்டேன். அவனும் ஓங்கரித்தான். அன்றைக்குப் பாதி மஃபினைப் பிய்த்து, துருவலை மட்டும் எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தேன். நசுங்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. அதிலிருந்து எந்தக் காயாக இருந்தாலும் இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்த பிறகுதான் மாவில் சேர்க்கிறேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்தினால் மசிய வேண்டும். குழந்தையின் ஈறும் மேலண்ணமும் அவ்வளவுதான் அழுத்தும்.

அடுத்தது கரண்டி. சப்பாத்தி மாவைப் பிசையப் பிசைய இழுவை வருகிறது இல்லையா, கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற அந்தப் புரதம்தான் மஃபினை ரப்பராக்குகிறது. மாவையும் தயிர்க் கலவையையும் சேர்த்த பிறகு பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் கிளறாதீர்கள். அங்கங்கே மாவுத் திட்டு தெரிந்தாலும் விட்டுவிடுங்கள், வேகும்போது சரியாகிவிடும்.

அளவு சொல்கிறேன். கோதுமை மாவு அரை கப், கேழ்வரகு மாவு கால் கப், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், சமையல் சோடா ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தடவை சலித்துக்கொள்ளுங்கள். தனிக் கிண்ணத்தில் ஒரு முட்டை, புளிக்காத கெட்டித் தயிர் கால் கப், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வேகவைத்து மசித்த பரங்கிக்காய் அரை கப். மஞ்சள் பூசணி என்று விற்பதும் இதேதான். வேகவைத்த கேரட்டைத் துருவி கால் கப் சேர்க்கலாம். மணத்துக்கு வறுத்துப் பொடித்த சீரகம் கொஞ்சம். எண்ணெயைக் குறைக்காதீர்கள். பரங்கியிலும் கேரட்டிலும் இருக்கிற, வைட்டமின் ஏ ஆக மாறுகிற பீட்டா கரோட்டின் உடம்பில் சேர அந்தக் கொழுப்பு வேண்டும். கேழ்வரகில் குளூட்டன் கிடையாது. அதனால் மஃபின் மிருதுவாகும், கால்சியமும் சேரும். ஆனால் கேழ்வரகு மட்டுமே போட்டால் உதிர்ந்துவிடும்.

மாவு இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, கரண்டியைச் சாய்த்தால் தொப்பென்று விழ வேண்டும். காகிதக் கப் வேண்டாம், மஃபினோடு ஒட்டிய காகிதத் துணுக்கு குழந்தை வாய்க்குப் போய்விடும். அச்சில் எண்ணெய் தடவி முக்கால் அளவு ஊற்றுங்கள். முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் நடுத்தட்டில் 180 டிகிரி. குட்டி அச்சு என்றால் 14 நிமிடம், பெரிய அச்சு என்றால் 20. சின்ன ஓ.டி.ஜி.யில் (வீட்டு மின்சார ஓவனில்) மேலே சூடேறும் கம்பி பக்கத்திலேயே இருப்பதால் மேல்தோல் சீக்கிரம் கெட்டியாகும். தோல் அப்படி ஆகிவிட்டால் அதைப் பிய்த்து நீங்கள் சாப்பிடுங்கள், உள்பகுதியை அவளுக்குக் கொடுங்கள்.

பயப்பட்டீர்களே, அதற்கும் ஒரு வார்த்தை. ஓங்கரித்தால் சத்தம் வரும், முகம் சிவக்கும், குழந்தை தானே வெளியே தள்ளிவிடும். சத்தமே வராமல் மூச்சுக்குத் தவித்தால்தான் அது அடைப்பு. அப்போது முதுகில் எப்படித் தட்ட வேண்டும் என்பதைக் குழந்தை மருத்துவரிடம் ஒரு தடவை செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும். நேராக உட்கார வைத்து, பக்கத்திலேயே இருந்து கொடுங்கள். தவழ்ந்துகொண்டே, படுத்துக்கொண்டே சாப்பிட விடாதீர்கள்.

வேளச்சேரி வாசகர்: மேடம், என் மகனுக்கு 2 வயது. பீன்ஸ், கீரை எதைப் பார்த்தாலும் துப்புகிறான். நைசாக அரைத்து, சீஸ் போட்டு, காய் இருப்பதே தெரியாமல் மஃபினில் ஒளித்துக் கொடுக்கலாமா?

கொடுத்தால் சாப்பிடுவான். ஆனால் ஒளிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு.

ஒளித்துக் கொடுத்தால் அவனுக்கு மஃபின் பிடிக்கும், பீன்ஸ் பிடிக்காது. மூன்று வயதிலும் அப்படியேதான் இருக்கும். புது ருசி ஒன்று குழந்தைக்குப் பழக எட்டு, பத்துத் தடவை, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். துப்பியதும் ஒரு தடவைதான், மறுபடி தட்டில் வைத்ததும் ஒரு தடவைதான். கண்ணுக்குத் தெரியாமல் கொடுத்தது அந்தக் கணக்கில் வருமா?

என் பேரன் முதல் தடவை ஒழுங்காகச் சாப்பிட்ட மஃபினைச் சொல்கிறேன். முதலில் இரண்டு கையாலும் அமுக்கினான். விரல் இடுக்கெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் கேரட் பிதுங்கியது. அதில் ஒரு இழையைப் பிடித்து இழுத்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம்தான் வாயில் போட்டான். நான் கேரட்டை அரைத்துக் கலந்திருந்தால் அந்தப் பார்வை கிடைத்திருக்காது.

உங்கள் மகன் பெரியவன், வேலை கொடுங்கள். எங்கள் பக்கத்தில் தெற்கு மாட வீதிக் காய்க்கடைகளுக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிற அப்பாக்களைப் பார்க்கிறேன், மனசுக்கு நிறைவாக இருக்கிறது. உங்கள் பக்கத்துக் கடையில் அவனையே நாலு பீன்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். வெந்த பீன்ஸைப் பொடியாக நறுக்கி, அச்சில் மாவு ஊற்றியதும் மேலே தூவச் சொல்லுங்கள். முதல் நாள் தூவியதைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிட்டால் விட்டுவிடுங்கள், ஒன்றும் சொல்லாதீர்கள். முருங்கைக்கீரையை உருவி, வதக்கி, கோழிமுட்டை அளவுக்குச் சேர்த்தால் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். காம்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. பீட்ரூட் சேர்த்தால் மறுநாள் டயப்பர் சிவப்பாக இருக்கும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள். சுரைக்காய் சேர்ப்பதானால், வெட்டியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கி எறிந்துவிட வேண்டும். கசப்புச் சுரைக்காய் பெரியவர்களையே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. துருவிய சுரையைப் பிழிந்து தண்ணீரை எடுத்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் நடுவில் களி மாதிரி இருக்கும்.

அண்ணா நகர் வாசகி: உப்பு எவ்வளவு போடலாம்? சீஸ், தேன்?

ஒரு வயதுக்குள் உப்பு போடவே வேண்டாம். பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை (NHS), ஒரு வயதுக்குள் ஒரு நாளைக்கு மொத்தமே 1 கிராமுக்கும் குறைவு, 1 முதல் 3 வயது வரை 2 கிராம் என்று வரம்பு சொல்கிறது. தாய்ப்பாலிலும் காயிலும் இருப்பதும் இந்தக் கணக்கில்தான் அடங்கும். பலரும் மறந்துபோவது சமையல் சோடாவை. ஒரு டீஸ்பூன் சோடாவில் உள்ள சோடியம், 3 கிராமுக்கு மேற்பட்ட சாப்பாட்டு உப்பில் இருக்கிற அளவு. அதனால்தான் சிட்டிகை என்று எழுதினேன். கடைச் சீஸில் உப்பு அதிகம். பாலைத் திரித்து வீட்டில் செய்த பன்னீரை உதிர்த்துப் போடுங்கள். தேன் ஒரு வயது வரை கூடாது. ஓவன் சூட்டில் போனாலும் அதில் இருக்கக்கூடிய கிருமியின் வித்துகள் சாகாது. முழு முந்திரி, வேர்க்கடலையும் வேண்டாம்.

தாம்பரம் வாசகி: முட்டை, கோதுமை, தயிர் எதுவும் இன்னும் ஆரம்பிக்கவில்லை. மஃபினிலேயே ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். மூன்றும் ஒரே வாயில் போய், உடம்பு தடித்தால் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒவ்வொன்றையும் தனித்தனியாக, காலை வேளையில், கொஞ்சமாகக் கொடுத்து, இரண்டு மூன்று நாள் பார்த்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். எல்லாம் ஒத்துக்கொண்ட பிறகு மஃபின். குழந்தைக்கு எக்ஸிமா (தோல் வறண்டு அரிக்கிற நோய்) இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். உதடு வீங்குவது, மூச்சு இரைப்பது போல எதுவும் தெரிந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். இன்னொன்று, கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்குக் கூட்டுப் பெருங்காயம் போடாதீர்கள். பெரும்பாலும் அதில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கம் படித்துப் பாருங்கள்.

திருவல்லிக்கேணி வாசகி: சகோதரி, எங்கள் வீட்டில் ஓவனும் இல்லை, முட்டையும் சேர்ப்பதில்லை. பேத்திக்கு ஒன்றரை வயது. எனக்கு வழி உண்டா?

தாராளமாக. வறுத்த ரவை முக்கால் கப்பை, முக்கால் கப் தயிரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். வெந்து மசித்த உருளைக்கிழங்கும் பட்டாணியுமாக அரை கப் (பட்டாணியை முழுசாக விடாமல் ஒவ்வொன்றாக நசுக்குங்கள்), எண்ணெய் 2 மேசைக்கரண்டி, துளி இஞ்சிச் சாறு. ரவை தயிரை இழுத்துக் கெட்டியாகியிருந்தால் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம். கடைசியில் கால் டீஸ்பூன் சமையல் சோடா. தயிரின் புளிப்பு பட்டதும் சோடா நுரைக்கத் தொடங்கிவிடும், அந்த நுரைதான் மஃபினைத் தூக்குகிறது. போட்டதும் ஊற்றிவிட வேண்டும். போன் வந்தாலும் எடுக்காதீர்கள்.

அடிகனமான பழைய கடாயில் இரண்டு கப் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து, மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். எண்ணெய் தடவிய சின்ன எவர்சில்வர் கிண்ணங்களில் மாவை ஊற்றி உள்ளே வைத்து, சிறுதீயில் 25 முதல் 30 நிமிடம். நிறம் வெளுப்பாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாமல் குச்சியால் குத்திப் பாருங்கள். அந்த உப்பை ஆறவைத்து டப்பாவில் போட்டு, அடுத்த தடவையும் இதற்கே பயன்படுத்தலாம். குக்கரில் செய்யச் சொல்கிறார்கள், நான் சொல்வதில்லை. காலிக் குக்கரை அவ்வளவு நேரம் சூடாக்கினால் அடிப்பாகம் வீணாகும்.

இதே மாவைக் குழிப்பணியாரக் கல்லிலும் ஊற்றி மூடி வேகவைக்கலாம். பேத்தியின் கைக்கு அந்த அளவு சரியாக இருக்கும்.

மேடவாக்கம் வாசகி: மீந்த இட்லி மாவில் மஃபின் செய்யலாமா?

செய்து பார்த்திருக்கிறேன். மேலே ஓடு, உள்ளே பிசுபிசுப்பு. இட்லி மாவை இட்லியாகவே ஊற்றுங்கள். வெந்த கேரட்டை மேலே தூவினால் போதும்.

குரோம்பேட்டை வாசகி: வேலைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை செய்து வாரம் முழுக்க வைத்துக்கொள்ள முடியுமா?

நம் ஊர்ப் புழுக்கத்தில் காய் சேர்ந்த மஃபினை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், கத்திரி வெயிலில் அதைவிடச் சீக்கிரம். முழுக்க ஆறிய பிறகு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் 2 நாள். மீதியை ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் அடுக்கி ஃப்ரீசரில் வையுங்கள். கல்லானதும் பையில் போட்டுத் தேதி எழுதிவிடுங்கள், ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். கரண்ட் வெகுநேரம் போய், உருகி மெத்தென்று ஆகியிருந்தால் மறுபடி உறையவைக்க வேண்டாம்.

காலையில் மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் விறைத்து, நடுவில் மட்டும் கொதிக்கும். இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்ததும் தட்டில் வைத்து 5 நிமிடம் ஆவி காட்டுங்கள். அன்று சுட்டது போல மெத்தென்று ஆகும். வெளியே எடுத்து, இரண்டாகப் பிய்த்து, நடுப்பகுதியை உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுக் கொடுங்கள்.